முந்தி வந்த குருவி யாரைக் கட்டும்?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் பேச்சுவாக்கில், "வலசைப் பாதை மாறினாலே ஒரு பறவையினம் இரண்டாகப் பிரியக்கூடும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அது எப்படி, விளக்கம் எங்கே என்று கேட்டு வந்த கடிதங்களே இந்த மாதம் பாதி. அதனால் இந்த முறை முழுக்கப் பறவைகள்தான். மற்றவர்கள் மன்னிக்கவும்.

இனம் பிரிய வேண்டுமென்றால் நடுவில் மலையோ கடலோ வந்து இரண்டு கூட்டத்தையும் தனித்தனியாக்க வேண்டும் என்றுதான் படித்தோம், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். ஒரே காட்டில் கூடு கட்டுகிற பறவைகள், குளிர்காலத்துக்கு வேறு வேறு ஊர் போய் வருவதால் மட்டும் எப்படிப் பிரியும்?
– உயிரியல் ஆசிரியை, கோவில்பட்டி

பாடப்புத்தகம் தப்பில்லை டீச்சர், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் மலையும் கடலும் செய்கிற வேலையைக் காலண்டரும் செய்யும்.

ஐரோப்பாவில் பிளாக்கேப் என்று ஒரு குருவி. இருபது கிராம் இருந்தால் அதிகம். உடம்பெல்லாம் சாம்பல், ஆணுக்குத் தலையில் கறுப்புத் தொப்பி வைத்த மாதிரி இருக்கும், பெண்ணுக்கும் தொப்பி உண்டு, அது செங்கல் நிறம். ஜெர்மனி, ஆஸ்திரியா காடுகளில் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, இலை உதிரத் தொடங்கியதும் தென்மேற்கே ஸ்பெயின் பக்கம் போய்விடுவதுதான் இவற்றில் பெரும்பாலானவற்றின் பரம்பரை வழக்கம். 1960-களிலிருந்து பிரிட்டனில் நடுக் குளிர்காலத்தில் வீட்டுத் தோட்டங்களில் இந்தக் குருவி அதிகமாகத் தென்பட ஆரம்பித்தது. கோடையில் இங்கே இருந்தவை ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டன போலிருக்கிறது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். காலில் வளையம் மாட்டிய பறவைகள் கிடைத்த பிறகுதான் தெரிந்தது, இவை ஜெர்மனி பக்கம் பிறந்தவை, தென்மேற்கே போக வேண்டியவை வடமேற்கே கிளம்பி வந்திருக்கின்றன. குளிருக்குப் பயந்து கிளம்பிய பறவை பிரிட்டனுக்குப் போவதாவது!

திசை தப்பிய ஒன்றிரண்டு எல்லாக் காலத்திலும் இருந்திருக்கும், அந்தக் குளிரில் செத்தும் போயிருக்கும். ஆனால் போன நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டன்காரர்கள் தோட்டத்தில் கொழுப்பு உருண்டையும் விதையும் தொங்கவிடுவது பெரிய பழக்கமாகிவிட்டது, குளிரும் முன்பைவிடக் கொஞ்சம் இளகிவிட்டது. திசை தப்பியது பிழைத்து, வசந்தத்தில் ஊர் திரும்பி, குஞ்சும் பொரித்தது.

சரி, அந்தக் குஞ்சு எங்கே போகும்? இந்த இடத்தில்தான் பீட்டர் பெர்த்தோல்டு என்ற ஜெர்மன் ஆய்வாளரும் அவருடைய ஆட்களும் ஒரு காரியம் செய்தார்கள். குளிர்காலத்தில் இங்கிலாந்தில் நாற்பது குருவிகளைப் பிடித்து, ஜெர்மனிக்குக் கொண்டுபோய்க் கூண்டில் வைத்துக் குஞ்சு பொரிக்க விட்டார்கள். இலையுதிர்காலம் வந்ததும் அந்தக் குஞ்சுகளைப் புனல் மாதிரி சரிந்த சுவருள்ள சின்னக் கூண்டில் ஒவ்வொன்றாக விட்டார்கள். மேலே வலை, வானம் தெரியும். சுவரைச் சுற்றி, அந்தக் காலத்தில் டைப்ரைட்டரில் பிழை திருத்த வெள்ளைப் பூச்சுத் தாள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரித் தாள். பிளாக்கேப் ராத்திரியில் பறக்கிற பறவை, அதுவும் தனியாக, அப்பா அம்மா கூட வந்து வழி காட்டுவதெல்லாம் கிடையாது. வலசைக் காலத்தில் கூண்டில் வைத்தாலும் இருட்டியதும் அதற்கு இருப்புக் கொள்ளாது, போக வேண்டிய பக்கத்துச் சுவரில் தத்தி ஏறும், வழுக்கி விழும், மறுபடி ஏறும். காலையில் தாளை எடுத்துப் பார்த்து, எந்தப் பக்கம் நகக்கீறல் அதிகம் என்று எண்ணினால் போதும், அது மனதில் வைத்திருந்த திசை தெரிந்துவிடும். பிரிட்டனை வாழ்நாளில் பார்த்தே இராத அந்தக் குஞ்சுகளின் கீறல்கள், அப்பா அம்மா போன மேற்குப் பக்கமே விழுந்திருந்தன. 1992-ல் இது வெளியானது. வழி என்பது கற்றுக்கொள்வதல்ல, ரத்தத்தில் வருவது, அதுவும் முப்பது நாற்பது வருஷத்துக்குள் ஒரு கூட்டத்துக்கு ரத்தமே மாறியிருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிரிட்டன் போன குருவிக்குத் தூரம் குறைவு, ஸ்பெயின் வழியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அது மட்டுமில்லை, வடக்கே இருப்பதால் வசந்தத்தில் பகல் வேகமாக நீளும், உடம்பு 'கிளம்பு' என்று சீக்கிரமே சொல்லிவிடும். இரண்டும் சேர்ந்து, அது ஸ்பெயின்காரர்களுக்குச் சில நாள் முந்தி ஜெர்மன் காட்டுக்கு வந்து சேர்கிறது. ஆண் வந்ததும் நல்ல புதராகப் பார்த்து இடம் பிடித்துப் பாட ஆரம்பித்துவிடும். அப்போது காட்டில் இருக்கிற பெண் யார்? அதுவும் பிரிட்டனிலிருந்து முந்தி வந்ததுதான். ஸ்பெயின்காரி வந்து சேரும்போது அங்கே பாதிக் கல்யாணம் முடிந்திருக்கும். யாரும் யாரையும் ஒதுக்கவில்லை, ஜாதகம் பார்க்கவில்லை, வந்த நேரம் அப்படி.

இதை எப்படி நிரூபித்தார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கூட்டில் உட்கார்ந்திருக்கிற குருவியைப் பார்த்து "குளிர்காலத்தில் எங்கே இருந்தாய்?" என்று கேட்க முடியாது. ஆனால் நகம் சொல்லும். மழைத் தண்ணீரில் இருக்கிற ஹைட்ரஜனில் கொஞ்சம் கனமான வகை ஒன்று உண்டு, அதன் அளவு ஊருக்கு ஊர் மாறும். தண்ணீர் செடிக்குப் போய், பழத்துக்கும் பூச்சிக்கும் போய், கடைசியில் குருவியின் நகத்தில் ஏறிவிடும். நகம் மெதுவாக வளர்வதால், வசந்தத்தில் நுனியைக் கொஞ்சம் வெட்டி எடுத்தால் அதில் குளிர்கால ஊரின் முத்திரை இருக்கும். அப்படி ஜோடி ஜோடியாக நகம் வெட்டிப் பார்த்து 2005-ல் சொன்னது: ஒரே குளிர்கால ஊர்க்காரர்கள் தங்களுக்குள் ஜோடி சேர்வது, எதேச்சையாகச் சேர்ந்தால் எதிர்பார்க்கக்கூடியதைப் போல இரண்டரை மடங்கு. பிரிட்டன் ஜோடிகள் முட்டையும் கூடுதலாக இட்டன. 2009-ல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பக்கத்துக் காட்டில் பார்த்தபோது இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. பிரிட்டன் போகிறவற்றுக்கு இறக்கை சற்று உருண்டை, அலகு சற்று ஒடுக்கம், நிறம் சற்றுப் பழுப்பு. நீண்ட தூரத்துக்குக் கூரான இறக்கை வேண்டும், தோட்டத்துக்குள் வளைந்து நெளிய உருண்டை இறக்கை வசதி. ஆலிவ் போன்ற பெரிய பழத்தை விழுங்க அகன்ற அலகு வேண்டும், தீனித் தட்டுக்கு அது தேவையில்லை. ஒரே காட்டில் கூடு கட்டுகிற இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே இருந்த பிரிவு, 800 கிலோமீட்டர் தள்ளிக் கூடு கட்டுகிற, தென்மேற்கே போகிற இரண்டு கூட்டங்களுக்கு நடுவே இருந்ததைவிட அதிகம்.

உடனே "புது இனம் உருவாகிவிட்டது" என்று தலைப்புப் போட்டவர்களும் இருந்தார்கள். அது அவசரம். பிளாக்கேப் இன்றைக்கும் ஒரே இனம்தான். பிறகு மரபணு முழுவதையும் படித்துப் பார்த்ததில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் மிகக் குறைவு என்றுதான் வந்தது. பிரிட்டனுக்கு வருபவை ஜெர்மனியின் ஒரு மூலையிலிருந்து மட்டும் வரவில்லை, ஐரோப்பாவின் பல பக்கங்களிலிருந்தும் வருகின்றன என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. ஆக, இதை விரிசல் என்று சொல்லலாம், சுவர் இன்னும் பிளக்கவில்லை. தீனி வைப்பதை மக்கள் நாளைக்கே நிறுத்திவிட்டால் விரிசல் பூசப்பட்டும் போகலாம்.

அப்படியே இரண்டு பாதைக்காரர்களும் கலந்து குஞ்சு பொரித்தால் அந்தக் குஞ்சு எந்த வழியில் போகும்? அப்பா வழியிலா, அம்மா வழியிலா?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், சேலம்

நடுவில் போகும் தம்பி. அதுதான் அதற்கு வந்த வினை.

பிளாக்கேப்பிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் மேற்குப் பாதியில் உள்ளவை தென்மேற்கே போகும் என்றேன் அல்லவா, கிழக்குப் பாதியில் உள்ளவை தென்கிழக்கே, துருக்கி வழியாக ஆப்பிரிக்காவுக்குப் போகும். ஆண்ட்ரியாஸ் ஹெல்பிக் என்பவர் இரண்டையும் கூண்டில் ஜோடி சேர்த்துப் பார்த்தார், 1991-ல் வெளியிட்டார். குஞ்சுகளின் கீறல்கள் இரண்டுக்கும் நடுவில், கிட்டத்தட்ட நேர் தெற்கே. நேர் தெற்கே என்ன இருக்கிறது? ஆல்ப்ஸ் மலை, அதைத் தாண்டினால் மத்தியதரைக் கடல், அதையும் தாண்டினால் சஹாரா. அப்பாவும் அம்மாவும் சுற்றிப் போனதே இவற்றுக்குப் பயந்துதான்.

கூண்டில் நடந்தது காட்டிலும் நடக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்குக் கனடாவுக்குப் போக வேண்டும். ஸ்வைன்சன் த்ரஷ் என்று ஒரு பழுப்புப் பறவை, புள்ளி போட்ட மார்பு. மேற்குக் கரையோரம் உள்ளது கரையை ஒட்டியே தெற்கே இறங்கி மெக்சிகோ, மத்திய அமெரிக்கா போகும். மலைக்கு அந்தப் பக்கம் உள்ளது முதலில் கிழக்கே வெகுதூரம் போய், அப்புறம் தெற்கே திரும்பித் தென் அமெரிக்காவுக்கு இறங்கும். பார்த்தால் முட்டாள்தனமான சுற்று. ஆனால் பனியுகம் முடிந்து காடுகள் வடக்கே பரவியபோது அந்தப் பறவையின் முன்னோர் கிழக்கிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தார்கள், வந்த வழியே இன்றைக்கும் திரும்பிப் போகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால் புரியும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளில் இரண்டும் சந்திக்கின்றன, கலக்கவும் செய்கின்றன. அந்தக் கலப்புப் பறவைகளின் முதுகில் ஒரு கிராம் அளவுக் கருவியை மாட்டிவிட்டார்கள் கிரா டெல்மோர், டேரன் இர்வின் இருவரும். அந்தக் கருவிக்குச் செயற்கைக்கோளெல்லாம் தெரியாது, எத்தனை மணிக்கு விடிந்தது, எத்தனை மணிக்கு இருட்டியது என்று குறித்து வைக்கும், அவ்வளவுதான். அதிலிருந்து இருந்த இடத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். ஒரே சிக்கல், அடுத்த வருஷம் அதே பறவையை மறுபடி பிடித்தால்தான் கருவி கைக்கு வரும்.

2014-ல் வந்த முடிவு: கலப்புப் பறவைகள் பல, இரண்டு பாதைக்கும் நடுவில், வறண்ட நிலமும் மலையுமாகக் கிடக்கிற பகுதி வழியாகப் போயிருந்தன. சில, போகும்போது அம்மா பக்கத்து வழி, வரும்போது அப்பா பக்கத்து வழி என்கிற மாதிரி ஒன்றில் போய் இன்னொன்றில் திரும்பியிருந்தன. இப்படிக் கலப்புக் குஞ்சுக்கு வழிச் செலவு அதிகமானால், இரண்டு கூட்டமும் கலந்து ஒன்றாகிவிடாமல் அந்தப் பாதையே பார்த்துக்கொள்ளும். வேலி கூடு கட்டுகிற காட்டில் இல்லை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

அக்டோபரில் எங்கள் வயல் ஓரத்து மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்கின்றன. ஏப்ரலில் காணாமல் போகின்றன. இவ்வளவு பூச்சி இங்கேயே இருக்கும்போது, இவை ஏன் இங்கேயே கூடு கட்டித் தங்கிவிடக்கூடாது?
– வாசகர், மன்னார்குடி

கம்பியில் இடம் போதாமல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு நானும் இதைக் கேட்டிருக்கிறேன். நம் ஊரில் தங்கவில்லை. ஆனால் உலகத்தின் இன்னொரு மூலையில், இதே தகைவிலான் சரியாக நீங்கள் சொன்னதைச் செய்திருக்கிறது.

வட அமெரிக்கத் தகைவிலான்கள் குளிர்காலத்துக்குத் தென் அமெரிக்கா போகும், சில அர்ஜென்டினா வரைக்கும். நமக்கு மார்கழி என்றால் அங்கே நடுக்கோடை. 1980-ல் புவனோஸ் ஐரெஸ் மாகாணத்தில் பாலத்துக்கு அடியில் இவை கூடு கட்டியிருப்பதைப் பார்த்தார்கள். விருந்தாளியாக வந்த இடத்தில் குடித்தனம்! அதற்குப் பிறகு வருஷா வருஷம் பெருகி, பரவிக்கொண்டே போகிறது. தகைவிலானுக்கு மண் கூட்டை ஒட்ட ஒரு சுவரும் மேலே ஒரு கூரையும் வேண்டும். அந்தச் சமவெளியில் மனிதன் பாலம் கட்டாத காலத்தில் அது கிடைத்திருக்காது.

இதில் கவனிக்க வேண்டியது கூடு மட்டுமில்லை. அந்தப் பறவையின் உடம்பில் இருக்கிற வருஷக் கணக்கு முழுவதும் ஆறு மாதம் தள்ளிப் போயிருக்கிறது. எப்போது முட்டையிடுவது, எப்போது சிறகு உதிர்ப்பது, எப்போது கிளம்புவது, எல்லாம். கிளம்பி எங்கே போகின்றன, பழைய பாசத்தில் வட அமெரிக்காவுக்கா என்று டேவிட் விங்க்லரும் மற்றவர்களும் அதே விடியல்-இருட்டல் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். இல்லை, தென் அமெரிக்காவின் வட பகுதிவரை போய்விட்டுத் திரும்பிவிடுகின்றன. 2017-ல் வெளியான ஆய்வு.

இப்போது யோசித்துப் பாருங்கள். நவம்பரில் அர்ஜென்டினா வயல் ஒன்றில் வட அமெரிக்கத் தகைவிலானும் உள்ளூர்த் தகைவிலானும் பக்கத்தில் பக்கத்தில் பறந்து ஒரே கொசுவைத் துரத்தலாம். ஒன்று இனப்பெருக்கம் முடிந்து ஓய்வுக்கு வந்தது, இன்னொன்று குஞ்சுக்கு இரை தேடுவது. பார்த்துக்கொள்ளும், ஜோடி சேராது. பிளாக்கேப்புக்குச் சில நாள்தான் இடைவெளி, இங்கே ஆறு மாதம். இன்னும் சில ஆயிரம் வருஷம் இப்படியே போனால் என்ன ஆகும் என்று பந்தயம் கட்டச் சொன்னால், நான் பிளாக்கேப்பைவிட இந்தத் தகைவிலான் மேல்தான் கட்டுவேன்.

மன்னார்குடியில் ஏன் நடக்கவில்லை என்றால், அர்ஜென்டினாவில் நடந்ததுகூட அபூர்வத்திலும் அபூர்வம் என்பதே பதில். மேலும் நம் ஊர்த் தகைவிலானுக்கு இங்கே கூடு கட்டும் ஆசை வந்தால் சித்திரை வெயிலையும் யோசிக்க வேண்டும்.

வேடந்தாங்கலுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் பறவைகள் வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன என்று வருஷா வருஷம் படிக்கிறேனே, அவையும் பிரிந்து போகுமா?
– வாசகி, செங்கல்பட்டு

முட்டையிடுவது ஒரு கூட்டம், வெளிநாட்டிலிருந்து வருவது இன்னொரு கூட்டம். இரண்டையும் சேர்த்து எழுதியே பழகிவிட்டோம். மரத்தில் கூடு கட்டுகிற நத்தை குத்தி நாரை, நீர்க்காகம், கொக்கு, அரிவாள் மூக்கன் எல்லாம் நம் நாட்டுக்குள்ளேயே மழையைப் பார்த்து இடம் மாறுகிறவை. நிஜமாகவே தூரத்திலிருந்து வருகிற வாத்துகளும் உள்ளான்களும் இங்கே சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போவதோடு சரி. கூந்தன்குளத்துக்கு இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகூட இங்கே முட்டை இடாது.

வலசை போவதையே ஒரு பறவை விட்டுவிட்டால்?
– பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ஈரோடு

புது இனம் பிறக்க அதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்லலாம். போகிற கூட்டத்திலிருந்து ஒரு பகுதி வழியில் ஓரிடத்தில் தங்கிவிடும், மற்றவை போய்க்கொண்டே இருக்கும். தங்கியது தங்கியதோடுதான் ஜோடி சேரும். ஹவாய்த் தீவுகளின் நேனே வாத்து நல்ல உதாரணம். கனடா வாத்தின் முன்னோர் சில, சுமார் ஐந்து லட்சம் வருஷத்துக்கு முன் அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்து, திரும்பிப் போகவில்லை. இன்றைக்கு நேனேவுக்குக் கால் விரல்களுக்கு நடுவே சவ்வு குறைந்து, எரிமலைக் கல்லில் நடப்பதற்கு வாகாகிவிட்டது. வாத்துதான், நடக்கிற வாத்து.

தென் அமெரிக்காவில் இதையே பாதி வழியில் பார்க்கலாம். கத்தரி மாதிரி நீண்ட வாலுள்ள ஈப்பிடிப்பான் ஒன்று உண்டு. சில கூட்டம் வலசை போகும், சில கூட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும்.